விட்ட பெயரும் எடுத்த பெயரும்

1967 ஏப்ரல் 28. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம். வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். அந்த ஓரடியோடு அவர்கள் ராணுவத்தினர் ஆகிவிடுவார்கள். "கேசியஸ் மார்செலஸ் கிளே" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரோடு பிறந்தவர் அங்கேதான் நின்றிருந்தார். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் அசையவில்லை.

முகமது அலி அன்று மறுத்தது போரைத்தான். தன் மதம் அதை அனுமதிக்கவில்லை என்பது அவர் வாதம். ஆனால் கூப்பிட்ட பெயரும் அவர் மூன்று வருடம் முன்பே கழற்றிப் போட்ட பெயர். குத்துச்சண்டை பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஐந்து வருடச் சிறைத்தண்டனையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், மூன்றரை வருடம் மேடை ஏற முடியாமல் போனது. ஒரு குத்துச்சண்டைக்காரருக்கு இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வயது வரை என்றால் அது உடலின் உச்சக் காலம். அந்தக் காலத்து அலி எப்படிச் சண்டை போட்டிருப்பார் என்று இன்று யாருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

கடைசியில் 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவர் தண்டனையை ரத்து செய்தது. அந்த வழக்கின் பெயர் 'கிளே எதிர் ஐக்கிய அமெரிக்கா'. அவருக்கு விடுதலை கொடுத்த தீர்ப்பே அவர் விட்ட பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது.

ஒரே பெயரைச் சுமந்த வெவ்வேறு ஊர்க்காரர்களைத் தேடிப் படிப்பதில் எனக்கு ரொம்ப நாளாக ஆர்வம் உண்டு. அலியை மட்டும் விட்டு நகரவே முடியவில்லை. காரணம், அவர் விட்ட பெயருக்கும் முன்னால் ஒரு பெரிய மனிதர் இருந்தார். எடுத்த பெயருக்கும் முன்னால் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் சென்னையில் ஆண்டவர்.

முதலில் கிளே. 1810இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த வெள்ளைக்காரர் கேசியஸ் மார்செலஸ் கிளே. இவருடைய அப்பா கிரீன் கிளே அந்த மாநிலத்தின் பெரும் பண்ணையார்களில் ஒருவர், ஏராளமான அடிமைகளை வைத்திருந்தவர். மகன் படிக்கப் போனது வடக்கே, யேல் கல்லூரிக்கு. அங்கே அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாய்ட் கேரிசனின் பேச்சைக் கேட்டதும் ஆள் மாறிப்போனார். ஊர் திரும்பி அடிமை முறைக்கு எதிராகப் பேச ஆரம்பித்தார். 1844இல் தன் பேரில் இருந்த அடிமைகளை விடுவித்தார்.

வடக்கே பாஸ்டனில் உட்கார்ந்து அடிமை முறையைத் திட்டுவது ஒன்று. கென்டக்கியில், அடிமை வைத்திருப்பவர்களின் தெருவிலேயே நின்று திட்டுவது வேறு. 1845இல் லெக்சிங்டன் நகரில் 'உண்மை அமெரிக்கன்' என்ற பொருளில் ஒரு பத்திரிகை தொடங்கினார். என்ன நடக்கும் என்று தெரிந்ததால் அலுவலகத்தின் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்து, உள்ளே வாசலைப் பார்த்தபடி இரண்டு சிறு பீரங்கிகளை வைத்தார். அவர் டைபாய்டு காய்ச்சலில் படுத்திருந்த நேரம் பார்த்து ஊர்ப் பிரமுகர்கள் கூட்டமாக வந்து அச்சு இயந்திரத்தைக் கழற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் விடவில்லை. அங்கேயே அச்சடித்துக் கென்டக்கியில் விற்றார்.

கையில் எப்போதும் கத்தி இருக்கும். 1843இல் ஒரு கூட்டத்தில் அவரைக் கொல்ல வந்தவன் துப்பாக்கியால் சுட்டான். கிளே கத்தியோடு பாய்ந்து அவனைக் கிழித்தார். 1849இல் இன்னொரு கைகலப்பில் எதிராளி செத்தே போனார். பின்னாளில் லிங்கன் இவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா வாங்கிய 1867இல் அங்கே தூதர் இவர்தான். கறுப்பு மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் சேர்ந்து படித்த பெரியா கல்லூரி உருவாக முதலில் நிலம் கொடுத்ததும் இவரே. 1903இல் இறந்தார்.

ஒன்பது வருடம் கழித்து, 1912இல், அதே மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் பிள்ளைக்குக் கேசியஸ் மார்செலஸ் கிளே என்று பெயர் வைத்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து லூயிவில் நகரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஆனார். 1942 ஜனவரி 17 அன்று அவருக்குப் பிறந்த மூத்த மகனுக்கும் அதே பெயர். அவர்தான் நம் ஆள்.

பெயரின் வேர் இன்னும் பின்னால் போகிறது. கேசியஸ், மார்செலஸ் இரண்டுமே பழைய ரோமாபுரிப் பெயர்கள். ஜூலியஸ் சீசரைக் குத்திய சதிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் கேசியஸ். ஹானிபலை எதிர்த்து நின்ற தளபதி மார்செலஸ். அந்த ரோமாபுரியின் மண்ணிலேயே 1960 ஒலிம்பிக்கில் பதினெட்டு வயது கேசியஸ் மார்செலஸ் கிளே லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1964இல் அலி, "கேசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர், நான் தேர்ந்தெடுத்ததல்ல, எனக்கு வேண்டாம்" என்ற பொருளில் பேசினார். இதைப் பிடித்துக்கொண்டு பலர் இன்றுவரை ஒரு வாதம் வைக்கிறார்கள். என் நண்பர்களிலும் உண்டு. "அடிமைகளுக்காக உயிரைப் பணயம் வைத்தவரின் பெயரை அடிமைப் பெயர் என்று உதறினார்; சரித்திரம் தெரியாமல் செய்த வேலை" என்பார்கள்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கென்டக்கி கிளே துணிச்சல்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடிமை முறையை அவர் எதிர்த்ததில் பெரும் பங்கு பொருளாதாரக் கணக்கு. அடிமை உழைப்பு இருக்கும்வரை கூலிக்கு உழைக்கும் வெள்ளைக்காரன் முன்னேற மாட்டான், தொழிற்சாலைகள் வராது என்றார். உடனடி விடுதலை கேட்கவில்லை, படிப்படியாகப் போகலாம் என்றார். கறுப்பர்களைத் தனக்குச் சமமாக அவர் நினைக்கவில்லை. அலி தன் முன்னவரின் எழுத்தைப் படித்துப் பார்த்து, அதில் வெள்ளையரே உயர்ந்தவர் என்ற எண்ணம் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரித்திரம் தெரியாமல் செய்த காரியம் இல்லை அது.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு கறுப்புக் குடும்பத்துக்குக் கிளே என்ற குடும்பப் பெயர் எப்படி வந்தது? அது இங்கிலாந்தில் முளைத்த பெயர். கப்பலில் ஏற்றி வரப்பட்ட ஆப்பிரிக்கரின் சொந்தப் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. கிடைத்தது பண்ணையாரின் பெயர்தான். அந்தப் பெயர்களிலேயே நல்லதாக ஒன்றைப் பார்த்து, விடுதலைக்குப் பேசிய ஒருவரின் பெயரை ஒரு தாத்தா தன் பிள்ளைக்கு வைத்தார். அந்தத் தாத்தாவின் மரியாதை உண்மையானது. பேரனின் மறுப்பும் உண்மையானது. இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கலாம். நமக்கு இது புரியாத விஷயமா? நாராயணசாமி என்று பெயர் வைத்த பெற்றோர் அன்போடுதான் வைத்தார்கள். நெடுஞ்செழியன் ஆவேன் என்று மகன் முடிவெடுத்தபோது அந்த அன்பை அவர் மறுக்கவில்லை.

புதுப் பெயர் வந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். யாருமே எதிர்பார்க்காதபடி சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். மறுநாள், அமெரிக்கக் கறுப்பர்களின் இஸ்லாமிய அமைப்பான 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பில் தான் சேர்ந்திருப்பதை உறுதி செய்தார். சில நாட்கள் கேசியஸ் எக்ஸ் என்று இருந்தார். அந்த எக்ஸ், தொலைந்துபோன ஆப்பிரிக்கப் பெயருக்கான இடம். மார்ச் 6 அன்று அமைப்பின் தலைவர் எலைஜா முகமது வானொலியில் அவருக்கு முகமது அலி என்ற பெயரை அறிவித்தார். அமைப்பில் எல்லோருக்கும் அவ்வளவு சீக்கிரம் முழுப்பெயர் கிடைத்துவிடாது. அலிக்குக் கிடைத்ததற்குப் பின்னால் ஓர் அரசியல் இருந்தது. அவருடைய நெருங்கிய நண்பரும் வழிகாட்டியுமான மால்கம் எக்ஸ் தலைவரோடு முரண்பட்டு விலகும் தறுவாயில் இருந்தார். இரண்டே நாளில், மார்ச் 8 அன்று, விலகவும் செய்தார். சாம்பியனைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ளத் தலைவருக்கு அந்தப் பெயர் உதவியது.

அந்த மே மாதம் கானா தலைநகர் அக்ராவில் மால்கமும் அலியும் எதிரெதிரே வந்தபோது அலி முகம் திருப்பிக்கொண்டார். அதற்காகப் பின்னாளில் வருந்தினார். ஆக, பழைய பெயரைப் போலவே புதுப் பெயரும் இன்னொருவர் கொடுத்ததுதான். ஆனால் இதை அவர் விரும்பி வாங்கிக்கொண்டார். அந்த அமைப்பை விட்டு 1975இல் பொதுவான சுன்னி இஸ்லாத்துக்கு வந்த பிறகும் பெயரை விடவில்லை.

விரும்பி வாங்கிய பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊர் தயாராக இல்லை. பெரிய செய்தித்தாள்கள் வருடக்கணக்கில் கிளே என்றே எழுதின. முன்னாள் சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சன் பிடிவாதமாகக் கிளே என்றே சொல்லி வந்தார். 1965 நவம்பரில் அலி அவரைப் பன்னிரண்டாவது சுற்றுவரை இழுத்து அடித்தார். இன்னொரு குத்துச்சண்டைக்காரரான எர்னி டெரல் அதே தப்பைச் செய்தார். 1967 பிப்ரவரி 6, ஹூஸ்டன். பதினைந்து சுற்று. குத்துக்கு நடுவே "என் பெயர் என்ன?" என்று அலி கத்தியதை உலகமே கேட்டது. அந்தச் சண்டையை முழுதாகப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வெற்றி உறுதியான பிறகும் அடி தொடர்ந்தது. டெரலும் பேட்டர்சனும் கறுப்பர்கள்தான். அலியை நேசிக்கிற நான் அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதனை அவன் சொல்லும் பெயரில் கூப்பிட மறுப்பது எவ்வளவு ஆழமாக வலிக்கும் என்பது மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

சரி, எடுத்த பெயருக்கு வருவோம். நபிகளின் பெயரும் அவருடைய மருமகன் அலியின் பெயரும் சேர்ந்தது என்பதால் முகமது அலி இஸ்லாமிய உலகம் முழுக்கப் புழங்கும் பெயர். பாகிஸ்தானில் அடுத்தடுத்து வந்த இரண்டு பிரதமர்கள் முகமது அலிகள். 1953 முதல் 1955 வரை வங்காளத்துக்காரரான முகமது அலி போக்ரா, அவரிடமிருந்து பதவியை வாங்கிக்கொண்டவர் பஞ்சாபியான சவுத்ரி முகமது அலி. அந்த நாட்டை உருவாக்கிய ஜின்னாவும் முகமது அலிதான். ஈரானில் 1908இல் நாடாளுமன்றத்தின் மீதே பீரங்கியால் சுட வைத்த ஷா ஒரு முகமது அலி.

இவர்களுக்கு நடுவே மௌலானா முகமது அலியைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. துருக்கியின் கலீஃபாவுக்கு ஆதரவாக இந்தியாவில் எழுந்த கிலாபத் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1921 செப்டம்பரில் காந்தியோடு சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தவரை வழியில் வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) இறக்கிக் கைது செய்தார்கள். காந்தி தனியாகப் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த மாதம் 22ஆம் தேதி மதுரையில் அவர் மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அந்த முடிவை நோக்கித் தன்னைத் தள்ளிய தருணங்களில் வால்டேர் கைதையும் ஒன்றாகக் காந்தியே எழுதியிருக்கிறார்.

எகிப்தின் முகமது அலி பாஷாதான் உலக வரலாற்றில் இந்தப் பெயருக்கு மிகப் பெரிய உடைமைக்காரர். 1769இல் இன்றைய கிரேக்கத்தில் இருக்கும் கவாலா துறைமுகத்தில் பிறந்த அல்பேனிய வம்சாவளிக்காரர். நெப்போலியன் படையை விரட்ட வந்த ஒட்டோமான் படையோடு 1801இல் எகிப்துக்கு வந்தவர், 1805இல் அதன் ஆளுநராகிவிட்டார். பழைய ஆதிக்கக் கூட்டமான மம்லுக்குகளை 1811 மார்ச்சில் கெய்ரோ கோட்டையில் விருந்துக்குக் கூப்பிட்டு, திரும்பும் வழியில் குறுகிய பாதையில் அடைத்துச் சுட்டுக் கொன்றார். அச்சகம் வைத்தார், மாணவர்களைப் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார், நீண்ட இழைப் பருத்தியைப் பயிரிட வைத்தார். நவீன எகிப்து அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அதே பாஷா 1820இல் சூடான் மீது படையெடுத்தார். தங்கத்துக்காகவும் ஆட்களுக்காகவும். தன் புதுப் படையை நிரப்பக் கறுப்பின மக்களை அடிமைகளாகப் பிடித்து அஸ்வானுக்கு ஓட்டி வந்தார்கள். வழியிலும் முகாம்களிலும் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதன் பிறகுதான் பாஷா எகிப்திய விவசாயிகளைப் பிடித்துப் படையில் சேர்த்தார்.

அடிமைப் பெயர் என்று அலி விட்டது அடிமை முறையை எதிர்த்தவரின் பெயர். விடுதலைப் பெயர் என்று எடுத்தது அடிமைகளை வேட்டையாடிய ஒருவரும் சுமந்த பெயர். இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்க, இது அலியின் முடிவைக் குறைக்கவில்லை என்று தோன்றியது. பெயர் என்பது பலர் குடியிருந்து போன வீடு. அலி பாஷாவைப் பார்த்து அந்த வீட்டுக்குள் போகவில்லை. பண்ணையார் ஒருவர் அலியின் வம்சத்துக்கு மாட்டிவிட்ட பலகையைக் கழற்றுவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

1964 ஜூனில் அலி கெய்ரோவுக்குப் போனார். அவரை வரவேற்றவர் அதிபர் நாசர். பாஷாவின் வாரிசான மன்னர் ஃபாரூக்கை 1952இல் நாட்டை விட்டு அனுப்பிய ராணுவ அதிகாரிகளின் தலைவர் அதே நாசர்தான். முகமது அலி வம்சத்தை முடித்து வைத்தவர் ஒரு முகமது அலியை வரவேற்றார்.

நம் முகமது அலிக்கு வருகிறேன். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் வாலாஜா சாலையில் கால் வைக்காமல் இருக்க முடியாது. அந்த வாலாஜா, ஆற்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜா. அப்பா அன்வாருதீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட, மகன் திருச்சிராப்பள்ளிக்குத் தப்பி ஓடினார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அங்கே வந்து முற்றுகையிட்டார். முற்றுகையின் கவனத்தைத் திருப்பத்தான் 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். கிளைவின் புகழும் முகமது அலியின் பதவியும் ஒரே நேரத்தில் பிறந்தவை. ஐரோப்பிய வல்லரசுகள் 1763இல் கையெழுத்திட்ட பாரிஸ் உடன்படிக்கையில் முகமது அலி கான்தான் கர்நாடகத்தின் (ஆற்காட்டு நவாபுகள் ஆண்ட பகுதிக்கு அன்று அந்தப் பெயர்) முறையான நவாப் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறது.

பெயர் இருந்தது, அதிகாரம் கையில் இல்லை. பட்டாளம் கும்பினியுடையது (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி), செலவு நவாபுடையது. கொடுக்கப் பணம் இல்லாதபோது கும்பினி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அடமானம் என்ன தெரியுமா? ஊர்களின் வரி வருமானம். நெல் விளைவித்தவன் கொடுத்த தீர்வை, சென்னையில் இருந்த வெள்ளைக்காரக் கடன்காரர்களின் வட்டிக்குப் போனது. வரிக்காகப் பாளையங்கள் மீது படை போனது. புலித்தேவரின் எதிர்ப்பு இந்த வரிக் கோரிக்கையை எதிர்த்துத்தான். ஒரு காலத்தில் நவாபுக்காகவே போரிட்ட யூசுப் கான் 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கினார். 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கொன்றது கும்பினிப் படையும் நவாப் படையும் சேர்ந்து. அவர் மனைவி வேலுநாச்சியார் ஹைதர் அலியின் ஆதரவோடு காத்திருந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். நவாபின் கடன் விவகாரம் எவ்வளவு நாறியது என்றால், 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார்.

இந்த நவாபை நம் பாடப்புத்தகங்கள் கடன்காரர், கைப்பாவை என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. சிவகங்கைக்காரர்களிடம் கேட்டால் அதுவே சரி என்பார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் சென்னைக்குச் சேப்பாக்கம் அரண்மனை அவரால் வந்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு ஆற்காட்டு நவாபுகள் நிலம் கொடுத்ததாக இன்றும் நினைவு வைத்துப் பேசுகிறார்கள். 1795 அக்டோபர் 13 அன்று அவர் சென்னையில் இறந்தார். அந்த வருடம் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குக் காலம் குறிக்கும் பாரசீக வரிகளை எழுதியவர் ஓர் இந்து. ஆறு வருடத்தில், 1801இல், கும்பினி நாட்டையே எடுத்துக்கொண்டது. வாலாஜா என்ற பட்டம் மட்டும் வாலாஜாபேட்டையிலும் வாலாஜாபாத்திலும் சாலைப் பலகையிலும் நிற்கிறது.

1980இன் தொடக்கத்தில் குத்துச்சண்டைக்கார முகமது அலி அதே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எல்லிஸும் லூயிவில்காரர், சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரோடு அலி நிற்கும் படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவரைக் கேட்டுக்கொண்டார்: மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச வேண்டும். இந்தியாவிலிருந்து நேராகத் தான்சானியா போனார். பதிமூன்று வருடம் முன்பு கிளே என்று கூப்பிட்டுக் குற்றவாளி ஆக்கிய அதே அரசு, இப்போது முகமது அலி என்று கூப்பிட்டுத் தூதராக அனுப்பியது. ரஷ்யாவுக்குத் தூதராகப் போன பழைய கிளேயும் ரஷ்யாவுக்கு எதிராகத் தூது போன அலியும் ஒரே கென்டக்கி மண்ணின் பிள்ளைகள்.

லூயிவில் நகரம் 1978இலேயே தன் தெரு ஒன்றுக்கு முகமது அலி என்று பெயர் மாற்றியிருந்தது. 2019இல் விமான நிலையத்துக்கும் அந்தப் பெயரை வைத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது 2002இல் ஹாலிவுட்டில் நடந்தது. அங்கே நடைபாதையில் பிரபலங்களின் பெயரை நட்சத்திரத்துக்குள் பதிப்பார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் தரையில்தான் இருக்கின்றன. அலிக்கும் ஒன்று கொடுக்க முன்வந்தபோது, நபியின் பெயரைத் தாங்குகிறேன், அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டார்கள். அவருடைய நட்சத்திரம் மட்டும் அங்கே சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.